தண்ணி எங்கே நிக்குது தம்பி?

"சிசிஎன்ஏ முடிச்சா துபாய்ல வேலை கிடைச்சிடுமா?"

லால்பேட்டை, கொள்ளுமேடு, ஆயங்குடி பக்கம் காலேஜ் பசங்க நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கிற இடத்தில் பத்து நிமிஷம் நின்னா போதும், இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும். விழாமல் எப்படி? தெருவுக்குத் தெரு சபுராளிகள் இருக்கிற ஊராச்சே! அத்தா ரியாத்தில், மாமா ஷார்ஜாவில், அண்ணன் தோஹாவில். அந்தத் தலைமுறை கடையிலும் டிரைவர் சீட்டிலும் உட்கார்ந்து சம்பாதிச்சு அனுப்பின காசில் சிதம்பரத்திலும் சென்னையிலும் படிச்சிட்டு வர்ற பிள்ளைகள், இப்போ ஏசி ரூமில் சர்வர் ரேக் முன்னாடி நிற்கணும்னு ஆசைப்படுறாங்க. நியாயமான ஆசைதான்.

கேள்விக்குப் பதில் என்ன? சிசிஎன்ஏ உங்களை இன்டர்வியூ ரூம் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போகும். அங்கேயே 'டாட்டா' காட்டிவிடும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் உங்ககிட்ட எதைத் தேடுகிறார் என்பது அந்த சர்டிபிகேட்டில் எழுதியிருக்காது. அதைத் தெரிஞ்சுக்காமலே பரீட்சைக்கு 300 டாலர், டாக்ஸோடு சேர்த்தால் 30 ஆயிரத்தைத் தொடுகிற பணம், கட்டிவிட்டு முழிக்கிறவர்கள் நிறைய. அதனால் இந்த வாரம் நெட்வொர்க் இன்ஜினியரை எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்க, எப்படி எடை போடுறாங்க என்பதைக் கொஞ்சம் விலாவாரியாகவே பேசிவிடுவோம்.

லஸ்கர் கேட்கிற கேள்வி

லால்பேட்டைக்காரர்களுக்கு நெட்வொர்க் பாடம் எடுக்க ரவுட்டர் வேண்டியதில்லை. வீராணம் ஏரி போதும்.

கீழணையில் திறக்கிற கொள்ளிடத் தண்ணீர் வடவாறு வழியாக ஏரிக்கு வருகிறது. ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. கரையில் 34 பாசன மதகுகள். மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதற்கப்புறம் கன்னி வாய்க்கால், கடைசியில் கடைமடை வயல். ஏரி நிரம்பி வழிகிற நாளில் உபரியை வெளியேற்ற லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை. ஏறக்குறைய 45 ஆயிரம் ஏக்கர் இதை நம்பி இருக்கிறது. போதாததற்கு 2004-லிருந்து சென்னைக்குக் குடிதண்ணீரும் இங்கேயிருந்து குழாயில் போகிறது.

இப்போ கடைமடைக்காரர் ஒருத்தர் வந்து, "தண்ணி வரலைங்க" என்கிறார். அனுபவம் இல்லாத ஆள் என்ன செய்வார்? ஓடிப்போய் மதகை இன்னும் ரெண்டு சுற்று தூக்கிவிடுவார். மேலே இருக்கிறவன் வயல் முழுகும், கடைமடைக்கு அப்பவும் தண்ணி வராது! விவரம் தெரிஞ்ச லஸ்கர் சைக்கிளை எடுக்கும் முன்னாடியே கேள்வி கேட்க ஆரம்பிச்சிடுவார். "உனக்கு மட்டும் வரலையா, பக்கத்து வயலுக்கும் வரலையா? நேத்து வந்துச்சா? எத்தனை மணிக்கு நின்னுச்சு? நடுவுல யாராவது மடை கட்டினாங்களா?" அப்புறம் நேரே வாய்க்காலின் பாதித் தூரத்துக்குப் போய்ப் பார்ப்பார். அங்கே தண்ணி ஓடினால் கோளாறு கீழ்ப்பாதியில். ஓடாவிட்டால் மேல்பாதியில். மிச்சம் இருக்கிற பாதியை மறுபடி பாதி ஆக்குவார். நாலு இடம் பார்ப்பதற்குள் ஆகாயத்தாமரை அடைச்ச இடம் அகப்பட்டுவிடும்.

நெட்வொர்க் இன்ஜினியரின் மூளை வேலை செய்ய வேண்டியது அப்படியே இதே மாதிரிதான், மக்களே. தண்ணிக்குப் பதில் டேட்டா, மதகுக்குப் பதில் ரவுட்டர், வயலுக்குப் பதில் கம்ப்யூட்டர். நாம் தினம் அடிக்கிற 'பிங்' இருக்கே, அதுவே அப்படிப் பிறந்ததுதான். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், தன் ஆபீஸ் நெட்வொர்க் ஏடாகூடமாக நடந்துகொள்வதைப் பார்த்து, "அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் சத்தம்தான் அந்தப் பெயர். டேட்டா எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போய் எங்கே நிற்கிறது என்று காட்டும் 'டிரேஸ்ரூட்'டும் 80-களின் கடைசியில் வந்தது. அது கம்ப்யூட்டருக்குள்ளே சைக்கிளில் போகிற லஸ்கர்!

ஆக, இன்டர்வியூவில் உங்களிடம் தேடப்படுவது ஒன்றுதான். "தண்ணி எங்கே நிக்குது?" என்று ஒழுங்காகத் தேடத் தெரிந்தவரா நீங்கள்? மிச்சமெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும்.

மதியத்துக்கு மேல்தான் விளையாட்டு

இந்த விஷயத்தை முதலில் சரியாகப் பிடித்தவர்கள் சிஸ்கோ கம்பெனிக்காரர்கள் என்று சொல்லலாம். 1993-ல் அவர்கள் சிசிஐஇ என்று ஒரு தேர்வு கொண்டுவந்தார்கள். வெறும் டிக் அடிக்கிற பரீட்சை இல்லை. உண்மையான ரவுட்டர், உண்மையான கேபிள், எதிரே ஒரு கண்காணிப்பாளர். சர்டிபிகேட் நம்பரை 1024-லிருந்து ஆரம்பித்தார்கள். அந்த முதல் நம்பர் எந்த மனுஷனுக்கும் தரப்படவில்லை, பரீட்சை நடந்த லேப் ரூமுக்கே கொடுத்துவிட்டார்கள்! கம்ப்யூட்டர்காரர்களுக்கு 1024 மேல் இருக்கிற பாசம் அப்படி.

அந்தக் காலத்தில் லேப் தேர்வு ரெண்டு நாள். முதல் நாளும் ரெண்டாம் நாள் காலையும் நெட்வொர்க்கைக் கட்டி எழுப்ப வேண்டும். சரியாக வந்தவர்களுக்கு மட்டும் ரெண்டாம் நாள் மதியம் உண்டு. அந்த மதியத்தில்தான் வேடிக்கை. பரீட்சை எழுதுகிறவர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள், அவர் பாடுபட்டுக் கட்டின நெட்வொர்க்கைக் கண்காணிப்பாளர் கெடுத்து வைத்திருப்பார். ஒரு கேபிள் மாறியிருக்கும், ஒரு பாஸ்வேர்டு மாறியிருக்கும், ஒரு நம்பர் பிசகியிருக்கும். "இப்ப சரி பண்ணுங்க பார்ப்போம்!"

2001 அக்டோபரில் தேர்வை ஒரே நாளாகச் சுருக்கியபோது இந்த மதியம் காணாமல் போனது. கட்டத் தெரிந்தால் போதும், பழுது பார்ப்பது தனியாக வேண்டாம் என்கிற நினைப்பு. எட்டு வருஷம் கழித்து 2009-ல், ரவுட்டிங் பிரிவின் எட்டு மணி நேர லேப்பில் ரெண்டு மணி நேரத்தைக் கோளாறு கண்டுபிடிப்பதற்கென்றே ஒதுக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். என்னைக் கேட்டால், நெட்வொர்க் ஆள் எடுப்பதன் மொத்தக் கதையும் இந்தப் போய்-வந்த மதியத்தில் அடங்கிவிடும். புத்தகத்தை மனப்பாடம் செய்து கட்டிவிடலாம். கெட்டுப்போனதை மனப்பாடம் செய்ய முடியாது, ஏன்னா அது ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி கெடும்.

அக்கவுண்ட்ஸ்ல மட்டும் நெட் இல்லை

நல்ல இன்டர்வியூ ஒன்று எப்படிப் போகும்? ஒரு கற்பனைக் காட்சி பார்ப்போம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் ரொம்ப சாதாரணமாக ஆரம்பிக்கிறார். "காலையில ஒம்பது மணி. அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்ல மட்டும் நெட் இல்லைன்னு போன் வருது. என்ன பண்ணுவீங்க?"

முதல் ஆள் சட்டென்று, "சுவிட்சை ரீபூட் பண்ணுவேன் சார்" என்கிறார். அதே சுவிட்சில் வேலை செய்துகொண்டிருக்கும் மத்த ரெண்டு டிபார்ட்மென்ட்டையும் சேர்த்துக் கவிழ்த்தாச்சு! ரெண்டாவது ஆள், "ஓஎஸ்ஐ மாடலில் ஏழு லேயர் இருக்கு சார்..." என்று ஒப்பிக்கத் தொடங்குகிறார். ஏழாவது லேயர் வருவதற்குள் கேள்வி கேட்டவருக்குக் காபி ஆறிவிடும்.

மூணாவது ஆள் கேட்கிறார்: "அக்கவுண்ட்ஸ்ல எல்லாருக்குமா சார், சில பேருக்கா?"

"எல்லாருக்கும்."

"அதே மாடியில மத்தவங்களுக்கு?"

"ஓடுது."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ராத்திரி ஏதாவது மாத்தினாங்களா சார்?"

இன்டர்வியூ எடுப்பவர் நிமிர்ந்து உட்காருகிற இடம் இதுதான். ஏன்னா அவர் கையில் மறைத்து வைத்திருந்த சீட்டே அதுதான். முந்தின ராத்திரி புதுசாக ஒரு விலேன் சேர்த்திருக்கிறார்கள். விலேன் என்றால் பயப்பட வேண்டாம், ஒரே சுவிட்சுக்குள் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு பாத்தி கட்டிப் பிரிக்கிற வேலை. ரெண்டு சுவிட்சுக்கு நடுவில் எல்லாப் பாத்தியின் தண்ணியும் போகிற பெரிய வாய்க்காலுக்கு டிரங்க் என்று பெயர். எந்தெந்த விலேன் அதில் போகலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். சிஸ்கோ சுவிட்சில் அந்தப் பட்டியலில் புது நம்பரைச் சேர்க்கும்போது 'ஆட்' என்ற மூணெழுத்துச் சொல்லைப் போட மறந்தால் என்ன ஆகும் தெரியுமா? பழைய பட்டியல் மொத்தமும் போய் புது நம்பர் மட்டும் நிற்கும்! ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இதைச் செய்யாத இன்ஜினியரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மத்த டிபார்ட்மென்ட்டுகள் வேறு டிரங்க்கில் இருந்ததால் தப்பித்தன. அக்கவுண்ட்ஸ் மாட்டிக்கொண்டது.

மூணாவது ஆளுக்கு 'ஆட்' விஷயம் தெரியாமலே இருக்கலாம். பரவாயில்லை. நாலு கேள்வியில் கோளாறு எந்தப் பக்கம் என்று வந்துவிட்டாரே! "அந்த கமாண்ட் எனக்குச் சரியா ஞாபகம் இல்லை சார், ஆனா டிரங்க்கில் எந்த விலேன் போகுதுன்னு பார்த்துட்டு, நேத்து கான்பிகரேஷனோட ஒப்பிட்டுப் பார்ப்பேன்" என்று சொன்னால் பல இடங்களில் அது போதுமான பதில். 'தெரியாது' என்ற சொல்லுக்குப் பயப்படுகிறவர்களை நெட்வொர்க் வேலைக்கு எடுக்கவே சீனியர்கள் யோசிப்பார்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி ரவுட்டரில் கை வைக்கிறவன், தெரியாதவனைவிட ஆபத்து.

இன்னொன்றும் கவனிப்பார்கள். சரி செய்யும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்கிறாரா? மாற்றும் முன்னாடி பழையதை எடுத்து வைக்கிறாரா? தூரத்தில் இருக்கும் ரவுட்டரில் ஏதாவது மாற்றப் போகும்போது, 'இன்னும் 10 நிமிஷத்தில் நீயே ரீஸ்டார்ட் ஆகிக்கோ' என்று முன்கூட்டியே ஒரு கட்டளை போட்டு வைக்கும் பழக்கம் அனுபவசாலிகளுக்கு உண்டு. மாற்றம் சரியாக வந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டு சேமிப்பார்கள். தப்பாகிக் கதவு நம்ம மேலேயே சாத்திக்கொண்டால், 10 நிமிஷத்தில் ரவுட்டர் பழைய நிலைக்கே எழுந்து வரும். இப்படி ஒரு சின்னப் பழக்கத்தை இன்டர்வியூவில் போகிற போக்கில் சொன்னால், அஞ்சு பக்க ரெஸ்யூமே சொல்லாததை அது சொல்லிவிடும்.

டம்ப்ஸ் சாமியார்கள்

இனி கொஞ்சம் கசப்பான மேட்டர்.

'பாஸ் கேரண்டி' என்று போர்டு மாட்டியிருக்கும் சில சென்டர்களில் நடப்பது பாடம் இல்லை, 'டம்ப்ஸ்' மனப்பாடம். யாரோ பரீட்சை ஹாலிலிருந்து கடத்தி வந்த கேள்விகளும் விடைகளும். இது ஒன்றும் புது வித்தை அல்ல. 2002-லேயே அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் தேர்வுக் கேள்விகளை இப்படி விற்ற ஒருவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போயிருக்கிறார். பிடிபட்டால் கம்பெனி உங்கள் சர்டிபிகேட்டை ரத்து செய்யலாம் என்பது ஒருபுறம். பிடிபடாவிட்டால்தான் பெரிய ஆபத்து என்பேன்! மேலே சொன்ன அக்கவுண்ட்ஸ் கேள்வி வரும்போது, விடை 'ஏ'வா 'சி'யா என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

இதைவிட மோசம், போலி 'எக்ஸ்பீரியன்ஸ்' லெட்டர். சென்னையில் இல்லாத கம்பெனியில் மூணு வருஷம் வேலை பார்த்ததாக ஒரு லெட்டர், கூடவே பேங்க் ஸ்டேட்மென்ட் ஜோடனை. வளைகுடாவுக்குப் போக நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சவூதியில் 'இன்ஜினியர்' என்ற பெயரில் வேலை பார்க்க அந்த நாட்டு இன்ஜினியர்கள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், உங்கள் சான்றிதழ்கள் சரிபார்க்கப்படும். அமீரகத்துக்கும் டிகிரி அட்டெஸ்டேஷன் உண்டு. இங்கே ஏமாற்றினால் வேலை போகும். அங்கே போலிச் சான்றிதழ் கிரிமினல் கேஸ். அத்தா இருபது வருஷம் நிமிர்ந்து நடந்த ஊரில் மகன் கேஸோடு நிற்பது நல்லாவா இருக்கும்?

வீடியோ இன்டர்வியூ வந்த பிறகு இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. கேமரா முன்னால் ஒருத்தர் வாயசைக்க, மேஜைக்கு அடியிலிருந்து இன்னொருத்தர் பதில் சொல்லும் 'டப்பிங்' இன்டர்வியூக்கள்! இப்போ ஏஐ வேறு வந்துவிட்டது. கேள்வியைக் காதில் வாங்கி, ஸ்கிரீனில் பதிலைக் கொட்டுகிறது. ரவுட்டர் கான்பிகரேஷனைக் கேட்டால் அழகாக எழுதியும் தருகிறது. அதனாலேயே நல்ல கம்பெனிகள், 'இது என்ன, அது என்ன' கேள்விகளை ஓரம்கட்டிவிட்டு, "இந்தா லேப், மூணு இடத்தில கெடுத்து வெச்சிருக்கோம், முக்கால் மணி நேரம்" என்று நேரில் உட்கார வைக்கிறார்கள். சிசிஐஇ-யின் அந்தப் பழைய மதியம் மறுபடி வந்துவிட்டது, வேறு சட்டை போட்டுக்கொண்டு.

கம்பெனிக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இல்லைதான். எல்-1 வேலைக்கு, அதாவது ராத்திரி ஷிஃப்டில் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு சிவப்பு விளக்கு எரிந்தால் டிக்கெட் போடுகிற வேலைக்கு, ரெண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். எல்லோரும் அனுபவம் கேட்டால் பையன் அனுபவத்தை எங்கே போய் வாங்குவான்? போலி லெட்டர் வியாபாரத்துக்கு உரம் போடுவது இந்த ஒரு வரி விளம்பரம்தான். இன்னொரு குறை, இங்கிலீஷ். வெளிநாட்டு கஸ்டமரிடம் போனில் பேச இங்கிலீஷ் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் லேப்பில் மூணு கோளாறையும் கண்டுபிடித்த தமிழ் மீடியம் பையனை, 'ஆக்சென்ட்' சரியில்லை என்று அனுப்பிவிட்டு, ஒன்றையும் கண்டுபிடிக்காத சரளப் பேச்சாளரை எடுக்கிற பேனல்களும் இருக்கின்றன. அப்புறம் நெட்வொர்க் படுக்கிற அன்றைக்கு அவர் அழகான இங்கிலீஷில் மன்னிப்பு கேட்பார்! நீங்கள் செய்ய வேண்டியது, ஷேக்ஸ்பியர் ஆவதல்ல. என்ன கெட்டது, யாருக்குப் பாதிப்பு, எதனால், என்ன செய்தேன், இனி வராமல் என்ன செய்யலாம். இந்த அஞ்சையும் அஞ்சு எளிய இங்கிலீஷ் வாக்கியத்தில் தினம் ஒரு தடவை சொல்லிப் பழகுங்கள். ரெண்டே மாசத்தில் வித்தியாசம் தெரியும்.

ராத்திரி 9.10-க்கு ஊரே திகைச்ச கதை

வேலைக்குச் சேர்ந்தாச்சு. அப்புறம் எப்படி மார்க் போடுவார்கள்?

2021 அக்டோபர் 4 ராத்திரி ஞாபகம் இருக்கா? நம்ம நேரம் ஒம்பது மணி பத்து நிமிஷம் சுமாருக்கு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூணும் ஒரேயடியாகப் படுத்தன. அமீரகத்தில் அப்போது மணி ஏழே முக்காலை நெருங்குகிறது. வேலை முடித்து ரூமுக்கு வந்து வீட்டுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற நேரம். (வாட்ஸ்அப் கால்தான் அங்கே தடையாச்சே!) லால்பேட்டை மாதிரி ஊரில் அந்த ராத்திரி எத்தனை வீட்டில் 'போன் ரிப்பேரா, நெட் கார்டு தீர்ந்துபோச்சா, அவருக்கு ஏதும் ஆச்சா' என்று உட்கார்ந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். திரும்பி வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது.

நடந்தது இதுதான். வழக்கமான பராமரிப்பு வேலையில், தங்கள் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கில் எவ்வளவு திறன் இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுத்தார்கள். அது எல்லா இணைப்பையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் ஒரு பக் இருந்ததால் அது தடுக்கவில்லை. அதன் தொடர்ச்சியாக 'இங்கே இருக்கோம்' என்று உலகத்துக்குச் சொல்கிற பிஜிபி அறிவிப்புகளும் வாபஸ் ஆயின. உள்ளே போய்ச் சரிசெய்ய வேண்டிய கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன! கடைசியில் இன்ஜினியர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. அங்கேயும் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைத் தாண்டி உள்ளே போகவே நேரம் பிடித்தது.

கதவு தன் மேலேயே சாத்திக்கொள்வது என்று மேலே சொன்னேனே, அதன் பிரம்மாண்ட வடிவம் இது. இங்கே கட்டளை தட்டின ஆளை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால், அடுத்த தடவை வேறு ஆள் அதையே தட்டுவார். நல்ல மேனேஜர் கேட்கிறது, "யாரு பண்ணினது?" என்று அல்ல, "இது தடுக்கப்படாம எப்படிப் போச்சு?" என்று.

ஆனால் நம்ம ஊர் ஆபீஸ் பலதில் மார்க் போடுகிற விதமே வேற. யார் அதிக டிக்கெட் மூடினார்கள் என்று எண்ணுவார்கள். ராத்திரி பூரா முழிச்சு நெட்டைத் தூக்கி நிறுத்தினவருக்கு 'ஸ்டார் ஆஃப் தி மந்த்'. போன மாசமே பழைய கேபிளை மாற்றி, ரெண்டாவது லைனைச் சோதித்து வைத்து, எந்த டிக்கெட்டும் வராமல் பார்த்துக்கொண்டவர், "இவரு என்ன வேலை செய்யறாரு, சும்மாதானே உட்கார்ந்திருக்காரு" என்று பேர் வாங்குவார். மழைக்கு முன்னாடியே கரையில் எலி வங்கை அடைத்து வைத்த ஆளுக்கு யார் மாலை போடுவார்கள்? கரை உடைந்த பிறகு மணல் மூட்டை சுமந்தவர் போட்டோதான் பேப்பரில் வரும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 99.9 சதவீதம் ஓடுகிற நெட்வொர்க் என்றால் பிரமாதமாகத் தெரிகிறது இல்லையா? வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுக்கும் என்று அர்த்தம். 99.99 என்றால் 53 நிமிஷத்துக்குள். 99.999 என்றால் அஞ்சேகால் நிமிஷம். ஒவ்வொரு ஒம்பதுக்கும் பின்னாடி, ஒன்றுமே நடக்காதபடி பார்த்துக்கொண்ட ஒருத்தர் இருக்கிறார். அவரை எடை போட வேண்டுமானால், போன வருஷம் வந்த அதே கோளாறு இந்த வருஷமும் வந்ததா, அவர் லீவில் போனால் அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். சேருகிறவர்களும் இன்டர்வியூ கடைசியில், "ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டால் சம்பளத்துக்கு முன்னாடி இதைக் கேளுங்கள்: "சார், கடைசியா பெரிசா படுத்தப்போ, அப்புறம் என்ன பண்ணினீங்க?" பதிலிலேயே கம்பெனி தெரிந்துவிடும்.

ஏணி பிடிக்கத் தயாரா?

அனுபவம் எங்கே வாங்குவது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

பாக்கெட் டிரேசர் இலவசம். வீட்டு லேப்டாப்பிலேயே பத்து ரவுட்டர் மாட்டலாம். ஆனால் தனியாக உட்கார்ந்து கட்டுவதோடு நிறுத்தாதீர்கள். ரெண்டு பேராகச் சேருங்கள். ஒருத்தர் கட்டணும், மத்தவர் அவர் டீ குடிக்கப் போகும்போது கெடுக்கணும். கட்டுவதைவிடக் கெடுப்பதில்தான் நிறையக் கற்றுக்கொள்வீர்கள் என்பது வேடிக்கையான உண்மை! ஒயர்ஷார்க்கும் இலவசம்தான், லைனில் போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துக் காட்டும்.

அப்புறம் உங்க ஊர் கேபிள் டிவிக்காரர். சிரிக்காதீங்க! இன்றைக்குப் பல சின்ன ஊர்களில் வீட்டுக்கு ஃபைபர் நெட் கொடுக்கிறவர் அவர்தான். லீவில் ஒரு மாசம் அவரோடு ஏணி பிடியுங்கள். ஃபைபரை மெஷினில் வைத்து ஒட்டுவது, வீட்டுப் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சமே வந்து சேரவில்லை என்று புரிந்துகொள்வது, மீட்டரில் மைனஸ் 27-க்குக் கீழே போனால் லைன் தடுமாறும் என்று கண்ணால் பார்ப்பது... ஏசி கிளாஸில் இதெல்லாம் கிடைக்காது. 'மூணு வருஷ அனுபவம்' என்ற போலி லெட்டரைவிட, "எங்க ஊரில் ஒரு மாசம் ஃபைபர் லைன் பார்த்தேன் சார், 14 வீட்டில் கோளாறு, அதில் பாதிக்கு மேல கரெண்ட்டும் கனெக்டரும்தான்" என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டும் பையனை எனக்குத் தெரிந்த சீனியர்கள் விடமாட்டார்கள்.

கரெண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, டவர் நின்ற இடத்திலும் சிக்னல் இல்லாமல் போனது. மின்கம்பம் சாய்ந்தாச்சு, பேட்டரி தீர்ந்தாச்சு, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக ரோட்டில் மரம். நெட்வொர்க் இன்ஜினியர் முதலில் பார்க்க வேண்டியது பவர் என்பதைக் கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இன்டர்வியூவில் இதைச் சொல்லுங்கள், கூச்சப்படாமல்.

சரி, போவதற்கு முன்னால் ஒரு சின்ன லேப். ஒரு காலேஜ் லைப்ரரி. காலையில் முதலில் வருகிறவர்களுக்கு வைஃபை பிரமாதமாக ஓடுகிறது. 12 மணிக்கு மேல் வருகிறவர்களுக்குச் சிக்னல் ஃபுல்லாக இருக்கிறது, நெட் மட்டும் இல்லை. அதே நேரத்தில், காலையிலேயே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடாதவர் லேப்டாப்பில் ஐபி முகவரியைப் பார்த்தால் 169.254 என்று ஆரம்பிக்கிறது. சாயங்காலம் பாதிப் பேர் கிளம்பிப் போன பிறகும், புதுசாக வருகிறவருக்குக் கிடைக்கவில்லை. லைப்ரரியன் உங்களுக்கு போன் பண்ணுகிறார். பதிலை இப்போ எழுத வேண்டாம். அவரிடம் நீங்கள் கேட்கப் போகிற முதல் மூணு கேள்வியை மட்டும் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் பிரித்து மேய்வோம்!